‘ஐ7 இருக்கு சார்!’ – பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

“ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, கலர் கலரா லைட் எரியுற கேபினட். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள்ள முடிச்சிடலாம் சார்!”

சமூக வலைதளங்களில் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. முதல் சம்பளத்தில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவருக்கு, இது மலிவான ஜாக்பாட் போலத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்த ஐ7?”

‘ஐ7’ என்பது ஒரு வகுப்பின் பெயர் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ7-2600 என்றால் அது இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ3-12100எஃப் என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் புதிய ஐ3-யின் ஒவ்வொரு கோரும் பழைய ஐ7-ஐ விட மிகவும் சுறுசுறுப்பானது. கேமில் ஐ3 ஜெயித்துவிடும்.

வேகம் போனால் போகட்டும் என்று விட்டாலும் சிக்கல் தீராது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் அதிகாரப்பூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பழைய ஐ7 போர்டுகளில் டிபிஎம் 2.0-வைத் தேடினால் கிடைக்காது. அதாவது, இருபதாயிரம் கொடுத்து வாங்கியவர் ஆட நினைத்த கேமே திறக்காமல் போகலாம்.

எந்தப் பணம் எங்கே போக வேண்டும்?

முதலில் என்ன கேம், எந்த மானிட்டர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவை பிராசஸரை அதிகம் நம்புபவை. சைபர்பங்க் மாதிரியான பெரிய கேம்களுக்கு கிராபிக்ஸ் கார்டுதான் எல்லாம். 1080பி மானிட்டரில் இரண்டு வகையும் ஆட நினைப்பவர், மானிட்டர் நீங்கலான பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலேயே கார்டுக்கு ஒதுக்குவது நல்லது. கேபினட்டில் எரியும் லைட்டால் ஒரு ஃப்ரேம்கூட கூடாது.

பிராசஸரில் குறைந்த பட்ஜெட்காரர்களின் பழைய நண்பன் ஏஎம்டி ரைசன் 5 5600. 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேச், கூடவே ஒரு கூலரும் பெட்டியிலேயே வரும். இதையும் 5600ஜி-யையும் ஒன்றென நினைத்துவிட வேண்டாம். ‘ஜி’ என்றால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்று பொருள். “இப்போ கார்டு வாங்க காசில்லை, ஆறு மாசம் கழிச்சுப் போட்டுக்கலாம்” என்பவருக்கு அது சரி. ஆனால் அதில் கேச் பாதிதான், பிசிஐஇ-யும் 3.0-வோடு நின்றுவிடும். 5600-ஐ பழைய பி450 போர்டில் போடுவதாக இருந்தால், பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லிக் கடையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு திரை கருப்பாகவே இருக்கும்.

கிராபிக்ஸ் கார்டில்தான் பெயர்க் குழப்பம் அதிகம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2022-இல் வந்த 8 ஜிபி கார்டில் 2,560 கோர்களும் 128 பிட் மெமரி பாதையும் இருக்கின்றன. 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2,304 கோர்கள், 96 பிட் பாதை. குறைந்தது மெமரி மட்டுமல்ல, கார்டே ஒரு படி கீழேதான். இருந்தாலும் 6 ஜிபி கார்டை ஒதுக்கித் தள்ளவும் முடியாது. அதற்கு 70 வாட் போதும். பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிளே வேண்டாம். ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கி கேமிங்குக்கு மாற்றுபவருக்கு அதுதான் பொருத்தம்.

ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையைப் பார்த்துக் கை போகும். அதில் மெமரி 4 ஜிபி, போர்டோடு பேச வெறும் 4 பிசிஐஇ லேன். மெமரி நிரம்பியதும் கார்டு ரேமை நாடும். போர்டு பிசிஐஇ 3.0 என்றால் அந்தப் பாதையும் பாதியாகச் சுருங்கும். கேம் திக்கித் திக்கி ஓடும். 8 ஜிபி மெமரி, 8 லேன் கொண்ட ஆர்எக்ஸ் 6600-க்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது வீண் போகாது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? தாராளமாக, ஆனால் கண்ணெதிரே ஓட்டிப் பார்த்து. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், மைனிங்கில் ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்பதாலேயே அது செத்த கார்டு ஆகிவிடாது. ஃபேன் தேய்ந்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது போலிக்கு. பழைய சிப்பின் பயாஸை மாற்றி, புது மாடல் பெயரில் விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால், இப்படிப்பட்ட பல போலிகளை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கஞ்சத்தனம் கூடாத இடம்

கேபினட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் எஸ்எம்பிஎஸ்-ஐ அப்படியே மாட்டுவதுதான் பட்ஜெட் பிசிக்களின் பெரிய தப்பு. ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருக்கும். தொடர்ந்து அவ்வளவு தரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கேம் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகிற எஸ்எம்பிஎஸ்-களும் உண்டு.

‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று அல்ல. அதனால் பிராண்டையும் வாரன்டி ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். வாட் அதிகம் வேண்டியதில்லை. 65 வாட் பிராசஸர், 132 வாட் ஆர்எக்ஸ் 6600 சேர்ந்த மெஷினுக்கு நல்ல பிராண்டின் 500 வாட் தாராளம்.

நம்மூரில் கரண்ட் போய்ப் போய் வரும் என்பதால் யுபிஎஸ் கேள்வியும் வரும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். தவிர, மலிவான யுபிஎஸ் தரும் அலை சுத்தமான சைன் அலையாக இருக்காது. புதிய எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாமல், கரண்ட் போன நொடியே மெஷினும் அணைந்துவிடும். வாங்குவதற்கு முன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேம் விஷயத்தில் இப்போது காலம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் அதிகம் போவதால் 2025 கடைசியில் விலை எகிறியது. அந்த டிசம்பரிலேயே மைக்ரான் நிறுவனம், ‘குருஷியல்’ என்ற தனது நுகர்வோர் பிராண்டை விட்டு விலகுவதாக அறிவித்தது. போன வருஷ யூடியூப் வீடியோவில் சொன்ன ரேம் விலையை நம்பிக் கணக்குப் போட்டால் மொத்த பட்ஜெட்டும் சரிந்துவிடும். ஆகவே லிஸ்ட் போடும்போது ரேம் விலையை முதலில் விசாரியுங்கள். 16 ஜிபி என்றால் ஒரே ஸ்டிக் வேண்டாம். 8 ஜிபி இரண்டு. டூயல் சேனலில் ஓடும்போது கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், 5600ஜி-யில் இன்னும் அதிகமாக. மாட்டிய பிறகு பயாஸில் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்ய மறந்தால், 3,200 வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு 2,133-லோ 2,400-லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்கட்டும். “பில் இல்லாம வாங்கினா குறைச்சுத் தரேன்” என்றால், வாரன்டியைத்தான் விலையில் கழிக்கிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாம் மாட்டி, பட்டனை அழுத்தியும் திரையில் ஒன்றும் வரவில்லையா? கடைக்கு போன் போடும் முன் எச்டிஎம்ஐ கேபிளைப் பாருங்கள். ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸரிலோ 5600-லோ உள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை போர்டில் செருகினால் படம் வராது, கார்டில்தான் செருக வேண்டும். படம் வந்த பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கிற்கும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, மாதக்கணக்கில் 60-லேயே ஆடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.