மணி ஒலிக்காத தொலைபேசி

அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பெட்டியைத் திறக்கும்போது, சாக்லேட்டு, சோப்பு, போர்வை ஆகியவற்றோடு சில வேளைகளில் ஒரு தொலைபேசியும் வெளிவருவதுண்டு. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நாகர்கோவிலுக்கு அருகில் தனியே வாழும் என் அத்தையின் வீட்டிற்கும் அப்படியொன்று வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரியும் அவருடைய மகள், தாயின் மங்கிய பார்வையையும் மந்தமான செவியையும் எண்ணி, ஆசையோடு வாங்கி வந்த கருவி அது. எண்கள் ஒவ்வொன்றும் பழைய நாலணா அளவிற்குப் பெரியவை. ரிசீவரில் பேச்சும் உரக்கக் கேட்கும்.

அத்தைக்கு அப்போது வயது 79. கைப்பேசியை அவர் தொடுவதில்லை. "விரல் பட்டால் எங்கேயோ ஓடிப்போகிறது" என்பார்.

புதுக் கருவியின் பிளக் நம் சுவரிலிருந்த சாக்கெட்டில் நுழையவில்லை. கடைத்தெருவில் ஒருவர் அதனை வெட்டியெறிந்துவிட்டு, நம்மூர்ப் பிளக் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். ரிசீவரை எடுத்ததும் இணைப்பகத்தின் ஒலி கேட்டது. அத்தை என்னை அழைத்துப் பேசினார். குரல் கணீரென்று வந்தது. அனைவருக்கும் மகிழ்ச்சி. பழைய கருவி பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாயிற்று. மகளும் இங்கிலாந்து திரும்பினாள்.

அதன்பின் 17 நாட்கள் அந்தத் தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

மகள் ஒவ்வோர் இரவும் அழைத்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுடைய செவியில் மணி ஒலிப்பது தெளிவாகக் கேட்டது, எடுப்பாரில்லை. விடுமுறையின் கடைசி நாளில் தாய்க்கும் மகளுக்கும் ஏதோ சிறு மனத்தாங்கல். 'அம்மாவின் கோபம் இன்னும் தணியவில்லை' என்று அவள் எண்ணினாள். 'ஊர் போய்ச் சேர்ந்ததும் தாயை மறந்துவிட்டாள்' என்று இவர் எண்ணினார். அத்தையின் இணைப்பில் அயல்நாட்டிற்கு அழைக்கும் வசதி இல்லை. என்னிடமாவது சொல்லியிருக்கலாம், பிள்ளையைப் பற்றிப் பிறரிடம் குறை கூறும் வழக்கம் அவருக்கு இல்லை. இரவு உணவைக் குறைத்துக்கொண்டார் என்பதை வேலைக்காரப் பெண்தான் பிறகு கூறினாள்.

பதினெட்டாம் நாள் மகள் என் கைப்பேசிக்கு அழைத்து அழுதபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நான் அத்தையின் வீட்டிற்குச் சென்று, தொலைபேசியின் முன் அமர்ந்து, என் கைப்பேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்தேன். என் காதில் மணி ஒலித்தது. மேசைமேல் இருந்த கருவியோ மூச்சுவிடவில்லை. "அவள் மீது குற்றமில்லையா, மருமகனே?" என்று அத்தை கேட்டார்.

குற்றம் எங்கே என்பதைத் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் விளக்கினார். அழைப்பவர் காதில் கேட்கும் மணியோசை மறுமுனைக் கருவியிலிருந்து வருவதன்று. அதனை இணைப்பகமே உண்டாக்கி அனுப்புகிறது. ஆகவே அங்கே கருவி செத்துக் கிடந்தாலும், இங்கே மணி இனிமையாக ஒலித்துக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்கிடையே பிணக்கு உண்டாக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேறில்லை!

வீட்டிற்கு வரும் தொலைபேசிக் கம்பிகள் இரண்டே. அவற்றில் இணைப்பகத்து பாட்டரியின் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் காத்திருக்கிறது. ரிசீவரை எடுத்தால் சுற்று முழுமை பெற்றுப் பேச்சு நடைபெறுகிறது. அழைப்பு வரும்போது மட்டும், நொடிக்கு 20 முதல் 25 சுழற்சிகள் கொண்ட மாறுமின்னோட்டம், ஏறத்தாழ 75 வோல்ட் அளவில், அதே கம்பிகளில் அனுப்பப்படுகிறது. மணியை ஒலிக்கச் செய்வது இதுவே. நேர்மின்னோட்டத்தைத் தடுத்து மாறுமின்னோட்டத்தை மட்டும் மணிக்கு விடுவதற்கு ஒரு கெப்பாசிட்டர் வேண்டும். நம் வீட்டு மின்விசிறியில் இருப்பதற்கு உறவுமுறை என்று கொள்ளலாம்.

அமெரிக்கக் கருவியிலும் நம் நாட்டுக் கருவியிலும் இந்தக் கெப்பாசிட்டர் கருவிக்குள்ளேயே இருக்கும். பிரிட்டனிலோ, 1981-இல் புதிய பிளக்கும் சாக்கெட்டும் புகுத்தப்பட்டபோது, அதனைச் சுவரிலுள்ள முதன்மைச் சாக்கெட்டுக்குள் வைத்துவிட்டனர். அங்கிருந்து மணிக்கென்றே மூன்றாவது கம்பி ஒன்று கருவிக்குச் செல்லும். ஒரே இணைப்பில் பல கருவிகள் இருக்கும்போது, ஒன்றில் எண்ணைச் சுழற்றினால் மற்றவற்றின் மணி கிணுகிணுக்காமல் இருக்க இது உதவியது. அவர்கள் ஊருக்கு நல்ல ஏற்பாடுதான். நம் கடைக்காரரோ பேச்சிற்குரிய இரண்டு கம்பிகளைச் சரியாக இணைத்துவிட்டு, மூன்றாவதை வேண்டாததென்று நறுக்கிவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நம் சாக்கெட்டில் அக்கம்பிக்கு வேலையே இல்லை.

பெரியவர் 1.8 மைக்ரோஃபாரட் அளவும் 250 வோல்ட் தாங்கும் வலிமையும் கொண்ட பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் ஒன்றை வாங்கிவரச் செய்தார். விலை முப்பது ரூபாய். அதனைச் சுவர்ப்பெட்டிக்குள் ஒரு கம்பிக்கும் அந்த மூன்றாம் கம்பிக்கும் இடையே இணைத்தார். இணைப்பைத் துண்டித்துவிட்டே அவர் கைவைத்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். மணிக்குரிய மின்சாரம் வரும் நேரத்தில் வெறுங்கம்பியைத் தொட்டால் நன்றாகவே உறைக்கும். இதற்கென்றே கெப்பாசிட்டர் அடங்கிய அடாப்டர்களும் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் பிளக்கை வெட்டாமல் வைத்திருந்தால்தான் அவை பயன்படும்.

பிரிட்டிஷ் கருவிகள் எல்லாமே இப்படி ஊமையாகிவிடும் என்று எண்ண வேண்டாம். இரண்டு கம்பிகளிலேயே ஒலிப்பவையும் பல உண்டு. வேறொரு சிக்கலும் நேரலாம். கம்பியின் இருமுனையும் கழற்றக்கூடியதாக இருந்தால் நம்மூர்க் கம்பியை மாற்றிப் போடுவோம். நம் கம்பி நடுவிலுள்ள இரண்டு முனைகளையே பயன்படுத்த, அக்கருவி ஓரத்து முனைகளை எதிர்பார்த்தால், இணைப்பகத்தின் ஒலிகூடக் கேட்காது. கருவி கெட்டதென்று தூக்கியெறிய வேண்டியதில்லை. உரிய கம்பி இருந்தால் போதும்.

பிரிட்டனின் அதே பிளக்கைப் பயன்படுத்திய நியூசிலாந்தின் பழைய சுழல்தட்டுக் கருவி இன்னும் விந்தையானது. அதில் எண்கள் தலைகீழாக அமைந்திருந்தன. 1-ஐச் சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் செல்லும். பிரிட்டனில் அவசர அழைப்பு 999 ஆகவும் நியூசிலாந்தில் 111 ஆகவும் அமைந்ததன் பின்னணி இதுவே. அந்தக் கருவியை இங்கே இணைத்து 2-ஐச் சுழற்றினால் 8-க்குப் போகும்.

அமெரிக்காவிலிருந்து வருபவற்றின் பிளக் நம் சாக்கெட்டில் அழகாகப் பொருந்தும். கம்பியுள்ள சாதாரணக் கருவியாயின் மணியும் ஒலிக்கும். கம்பியில்லாக் கருவிகளில்தான் அபாயம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரின்மேல் 120 என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதனை நம் சுவரில் செருகிய சற்று நேரத்தில் புகைநாற்றம் வரும். மின்மாற்றி வைத்து அதைச் சரிசெய்தாலும் அலைவரிசை உதைக்கும். அமெரிக்காவின் டெக்ட் 6.0 வகைக் கருவி 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் பேசுகிறது. நம் நாட்டில் கைப்பேசிகள் கோபுரத்துக்குச் செய்தி அனுப்ப ஒதுக்கப்பட்ட பகுதி 1920-இல் தொடங்குகிறது. நம் வீட்டுப் பேச்சு ஊரார் கைப்பேசிக்கு இடையூறாகலாம். இத்தகைய கருவியை வாங்கி வராதிருப்பதே நன்று என்பது என் கருத்து.

இப்போது பல வீடுகளில் செப்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதனோடு வைக்கப்படும் சிறு பெட்டியிலிருந்துதான் தொலைபேசிக்குக் கம்பி செல்கிறது. அங்கும் கம்பிகள் இரண்டே என்பதால் பிரிட்டிஷ் கருவியின் குறை அங்கும் தொடரும். பழைய சுழல்தட்டின் துடிப்புகளை இப்பெட்டிகளில் பல புரிந்துகொள்வதில்லை. மின்தடை ஏற்பட்டால் பெட்டியும் உறங்கிவிடும். முன்பு இணைப்பகத்து பாட்டரி காப்பாற்றியது போல் இப்போது காப்பாற்றாது.

ஆகவே, வெளிநாட்டுக் கருவியைப் பொருத்தியதும் ரிசீவரை எடுத்துப் பேசிப் பார்த்தால் மட்டும் போதாது. வேறொரு தொலைபேசியிலிருந்து அதனை அழைத்து, மணி ஒலிப்பதைக் காதால் கேளுங்கள். பழைய கருவியை அதற்குப் பிறகு பிறருக்குக் கொடுக்கலாம்.

அன்று மாலை ஆறு மணிக்கு அத்தையின் புதுக் கருவி முதன்முறையாக ஒலித்தது. இங்கிலாந்திலிருந்துதான். ஐந்து மணி அடிக்கும் வரை அத்தை எடுக்கவில்லை. "எடுங்கள், அத்தை" என்றேன். "கொஞ்சம் அடிக்கட்டும்" என்றார்.