தங்கவயலில் தங்க ஓர் இடம்

‘கே.ஜி.எஃப்’ படம் 2018இல் வந்த பிறகு கோலார் தங்கவயலின் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது. தேடி வருகிறவர்கள், தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்துக் கோயிலில் கோடிலிங்கேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, இருட்டுவதற்குள் பெங்களூருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ராத்தங்காமல் எந்த ஊரும் பிடிபடாது.

மூடிய சுரங்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் ராத்தங்கிப் போகும் ஊரும் உண்டு. ஜப்பானில் இவாமி கின்சான் என்றொரு வெள்ளிச் சுரங்கம். 1526இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1923இல் மூடப்பட்டது. 2007இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பக்கத்துத் துறைமுகமான யுனோட்சுவின் வெந்நீரூற்றுத் தெருவும் கூடவே இடம்பெற்றது. அங்குள்ள ரியோகான் என்னும் பழைய பாணி விடுதிகள் இன்றும் விருந்தினரை வரவேற்கின்றன.

ரியோகானுக்குள் போனால் அந்த வீட்டு வழக்கத்துக்கு நாம்தான் பழக வேண்டும். செருப்பு வாசலோடு சரி. யுகாட்டா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகே பொதுத் தொட்டியில் இறங்கலாம். யுனோட்சுவின் யகுஷியு குளியலகத்தில், ஊற்றுநீரின் தாதுக்கள் படிந்து படிந்து தொட்டி விளிம்பே பாறைபோல் தடித்துக் கிடக்கிறது. தண்ணீரோ சுடச்சுட. குளித்துச் சாப்பிட்டு அறைக்குத் திரும்பினால் பாய்மேல் மெத்தை விரித்திருக்கும்.

தங்கவயலிலும் இப்படி ஒரு விருந்தோம்பலுக்கு இடமிருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. துரைமாருக்கு பங்களாவும் கிளப்பும். வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம் சனங்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அவர்கள் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். 2001 பிப்ரவரி 28இல் எல்லாம் மூடப்பட்டது. இப்போது அவர்கள் பிள்ளைகள் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

சுற்றுலா என்றதுமே பங்களாவைப் புதுப்பிக்கத்தான் யோசனை வரும். செய்யட்டும். ஆனால் காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகள் விடுதியானபோது, அந்த வீட்டுச் சமையலும் சேர்ந்துதானே விருந்தாளிக்குக் கிடைத்தது? இங்கே அந்தச் சமையல் லைன் வீட்டில்தான் இருக்கிறது. நாலைந்து லைன் வீடுகளைச் செப்பனிட்டு, குடியிருப்பவர்களே நடத்தினால் போதும். ராத்திரி களியும் கறிக்குழம்பும். திண்ணையில் உட்கார்ந்து, சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு ஓடிய கதையை அந்த வீட்டுப் பெரியவரே சொல்வார்.

அதற்கு முன்னால் வீடு குடியிருப்பவர்கள் பெயரில் இருக்க வேண்டும். காற்றடித்தால் மண்மேட்டிலிருந்து கிளம்பும் தூசிக்கும் வழி பண்ண வேண்டும். இரண்டும் அரசாங்கத்தின் வேலை. கடைசி ஷிப்டில் இறங்கி ஏறியவர்களில் பலருக்கு எழுபது வயது ஆகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.