டீசல் இயந்திரத்தின் எண்ணெய் வடிகட்டி: தெரிவு பற்றிய சில குறிப்புகள்

வன்னி, மட்டக்களப்புப் பகுதிகளின் நெற்செய்கையில் நான்கு சில்லு உழவு இயந்திரம் இன்றியமையாத உற்பத்திக் கருவியாகும். விதைப்புக் காலத்தில் அது பழுதுற்று நிற்பின், உடைமையாளர் மட்டுமன்றி அதனை வாடகைக்குப் பெறும் சிறு விவசாயியும் பாதிக்கப்படுகின்றார். அவ்வாறிருந்தும், அதற்கான எண்ணெய் வடிகட்டியை வாங்குகையில் பெரும்பாலும் எழும் வினாக்கள் இரண்டே: புரி பொருந்துகின்றதா? விலை குறைவா? இவை போதா என்பதையே இங்கு விளக்க முனைகின்றோம்.

முதலில் வடிகட்டியின் பணியை வரையறுத்தல் வேண்டும். டீசல் தகனத்தில் தோன்றும் புகைக்கரித் துணிக்கைகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோனிலும், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிலும், சிறியவை. சாதாரண வடிகட்டி இவற்றைத் தடுப்பதில்லை. எண்ணெயிற் சேர்க்கப்பட்ட இரசாயனப் பொருள்களே இவை ஒன்றுதிரளாது காக்கின்றன. ஆகவே, புதிய எண்ணெய் விரைவிற் கறுப்பது வடிகட்டியின் குறைபாடன்று. உரிய காலத்தில் எண்ணெயை மாற்றுவதே அதற்குரிய வழி.

வடிகட்டி தடுக்க வேண்டியவை தூசும் உலோகத் துகள்களுமாம். சுழற்றித்தண்டுக்கும் போதிகைக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. அதன் தடிப்பை ஒத்த துகள்களே கூடிய தேய்மானத்தை விளைவிக்கின்றன. 40 மைக்ரோன் வடிகட்டியுடன் ஒப்பிடுகையில், 30 மைக்ரோன் வடிகட்டி தேய்மானத்தை 50 வீதத்தாலும், 15 மைக்ரோன் வடிகட்டி 70 வீதத்தாலும் குறைத்ததாக ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் 1988ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று.

எனினும் மைக்ரோன் எண் மட்டும் முழு உண்மையைக் கூறாது. குறித்த பருமனுடைய துகள்களில் எத்தனை வீதம் தடுக்கப்படுகின்றது என்பதே முக்கியம். வடிகட்டிக்கு முன்னுள்ள துகள்களின் தொகையை, அதைக் கடந்தவற்றின் தொகையால் வகுத்துப் பெறுவது பீற்றா விகிதம். அது 2 எனின் 50 வீதம் தடுக்கப்படும். 75 எனின் ஏறத்தாழ 98.7 வீதம் தடுக்கப்படும். இரண்டையுமே "20 மைக்ரோன்" என்று விற்க முடியும்.

நுண்மை கூடியதெல்லாம் சிறந்ததென்றும் கொள்ளலாகாது. தாளின் பரப்புக் குறைந்தால் அது விரைவில் அடைபடும். அப்போது மாற்றுவழி வால்வு திறந்து, வடிக்கப்படாத எண்ணெயே போதிகைகளைச் சென்றடையும். இவ்வால்வு குறைந்த அமுக்கத்திலேயே திறப்பின் அழுக்கெண்ணெய் அடிக்கடி உட்செல்லும். பிந்தித் திறப்பின் எண்ணெய் போதாமற் போகலாம், தாளும் கிழியலாம். சில இயந்திரங்களில் இவ்வால்வு வடிகட்டியில் அன்றி இயந்திரத்திலேயே அமைந்துள்ளது. மேலும், கிடையாகவோ தலைகீழாகவோ பூட்டப்படும் வடிகட்டிக்கு எண்ணெய் பின்வடிவதைத் தடுக்கும் வால்வு வேண்டும். அன்றேல் காலையில் இயந்திரம் இயங்கத் தொடங்கும் சில கணங்கள் போதிகைகள் போதிய எண்ணெயின்றிச் சுழலும்.

இவை யாவும் தகரக் கூட்டினுள் மறைந்திருப்பவை. ஒரே புரியும் ஒரே பருமனும் கொண்ட இரு வடிகட்டிகள் உள்ளே முற்றிலும் வேறுபடலாம். எனவே, இயந்திர உற்பத்தியாளர் குறித்த பாக இலக்கமே தெரிவின் அடிப்படையாதல் வேண்டும். மாற்று வடிகட்டியாயின், தடுப்பு வீதமும் வால்வு அமுக்கமும் அந்த இலக்கத்திற்குரியவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். இவ்விவரங்களை உழைப்பவன் வாசிக்கும் மொழியிற் பெட்டியிலேயே அச்சிடுமாறு கோருவது அவனது உரிமை. விவரம் மறைக்கப்படும் சந்தையில், மலிவின் உண்மையான விலையை அவனே ஈற்றிற் செலுத்துகின்றான்.