ஐந்து அணைகளும் ஒரு கிளாஸும்

தேனிப் பக்கம் செய்தித்தாளைப் பிரித்ததும் பலர் கண் தேடுவது அணை நிலவரத்தைத்தான். முல்லைப் பெரியாறு, வைகை, மஞ்சளாறு, சோத்துப்பாறை, சண்முகாநதி என ஐந்து பெயர்கள். பக்கத்தில் நீர்மட்டம், வரத்து, திறப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அந்த எண்களைப் பார்த்துத்தான் நாற்றுப் பாவுகிறது.

புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தியில் ஒரு பாடம் இருக்கிறது. கிளாஸ் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

ஓர் அணைக்கு விநாடிக்கு 1,000 கன அடி வருகிறது, 400 கன அடி போகிறது. ஒரு நாளில் எவ்வளவு சேரும்? மிச்சம் 600ஐ 86,400 விநாடிகளால் பெருக்கினால் 5 கோடியே 18 லட்சத்து 40 ஆயிரம் கன அடி. நேற்று என்ன நடந்தது என்பது இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. இரண்டு வரி ஃபங்ஷன் போதும். இதற்குப் போய் கிளாஸ் எழுதுவது மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிற வேலை. ஐந்து அணைகளின் மட்டத்தை வரிசையாக அச்சிடவும் ஒரு பட்டியல், ஒரு லூப் போதும்.

சிக்கல் எச்சரிக்கையில் தொடங்குகிறது. வைகை அணையின் உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. மட்டம் இன்று 66ஐத் தொட்டால் அறிவிக்க வேண்டும், நாளை 66.3 ஆனதும் அதையே மறுபடி கூவக்கூடாது. அப்படியென்றால், கடைசியாக எதை அறிவித்தோம் என்பது வைகைக்கு நினைவிருக்க வேண்டும். பெரியாற்றுக்கு வேறு எல்லைகள், வேறு நினைவு. ஐந்து அணைக்கும் தனித்தனி மாறிகளாக வைத்தால், என்றாவது ஒருநாள் வைகையின் மட்டத்தைப் பெரியாற்றின் எல்லையோடு ஒப்பிட்டுவிடுவோம். புரோகிராம் பிழை காட்டாது. எச்சரிக்கையும் வராது!

இங்கேதான் ‘அணை’ என்றொரு கிளாஸ் வேண்டும். மட்டம், எல்லைகள், கடைசி எச்சரிக்கை எல்லாம் அந்தந்த அணையோடு ஒட்டியே இருக்கும். புது மட்டத்தைப் பதிய ஒரே வழிதான். பதியும்போதே சரிபார்ப்பும் நடந்துவிடும்.

கிளாஸ் பிறந்த கதையும் இதுதான். நார்வேக்காரர்களான ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் 1960களில் ஆஸ்லோவில் உருவாக்கிய சிமுலா, நிஜ உலகின் நடமாட்டங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கவென்றே வந்த மொழி. ஒரே இனத்துப் பொருள்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனி நிலை. அதற்காகத்தான் சிமுலா 67ல் கிளாஸ் வந்தது.

கிளாஸ் கைவந்ததும் இன்னொரு சபலம் வரும். முல்லைப் பெரியாற்றின் முழு மட்டம் 152 அடி. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி 142 அடி வரைதான் தேக்கலாம். உடனே ‘தீர்ப்புக்கு உட்பட்ட அணை’ என்று கிளைக் கிளாஸ் பிரிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். ‘அனுமதித்த மட்டம்’ என்று ஒரு மதிப்பைச் சேர்த்தால் முடிந்தது. மற்ற நான்கு அணைகளுக்கும் அது முழு மட்டத்துக்குச் சமம், அவ்வளவுதான்.

நாளைய நிலவரத்தை எடுத்து, முதலில் கிளாஸே இல்லாமல் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் கை தடுமாறுகிறதோ, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.