1930-ல் நடக்கும் கதை… தாத்தாவுக்கு ‘இளமாறன்’னு பேர் வைக்கலாமா?

பல்லாவரத்தில் 1930-ல் நடக்கும் கதை எழுதுறீங்க. அதில் வரும் 60 வயது தாத்தாவுக்கு ‘இளமாறன்’ எனப் பெயர் வைக்கலாமா? கொஞ்சம் பொறுங்க!

கதை எப்போ நடக்குதுன்னு பார்த்தா போதாது. அந்தக் கதாபாத்திரம் எப்போ பிறந்ததுன்னு பார்க்கணும். தாத்தா பிறந்தது 1870. தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதோ 1916-ல்தான்.

தொடங்கியவர், அதே பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகள். இயற்பெயர் வேதாசலம். வேதம் ‘மறை’ ஆனது, அசலம் ‘மலை’ ஆனது. தாம்பரம் தாண்டி இருக்கும் மறைமலை நகருக்கு அவர் பெயர்தான்.

அதன்பிறகும் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. 1920-ல் பிறந்த நாராயணசாமி, பின்னாளில்தான் நெடுஞ்செழியன் ஆனார். 1922-ல் பிறந்த ராமையா, அன்பழகன் ஆனார். ஆகவே, 1950-களின் கதையில் ஒருவருக்கு மேடையில் ஒரு பெயர், வீட்டில் அம்மா கூப்பிட இன்னொரு பெயர் இருக்கலாம்.

சாதிப் பட்டம் போடணுமா?

1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அதன்பின் பட்டத்தை விட்டவர்களும் உண்டு, விடாதவர்களும் உண்டு. ஒரே வீட்டில் அப்பா பட்டத்தோடு கையெழுத்துப் போட, மகன் வெறும் பெயரை எழுதினால், அங்கேயே ஒரு கதை இருக்கு.

1870-ல் பிறந்தவருக்குச் சும்மா ‘இளமாறன்’ என்று வைத்துவிட்டால், வேதாசலம் ஏன் மறைமலை ஆனார் என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

சந்தேகமா? வீட்டில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையையோ நிலப் பத்திரத்தையோ எடுத்துப் பாருங்க. அந்தக் காலத்துப் பெயர்கள் அதிலேயே கிடைக்கும்.