முத்துசாமிக்குச் சூட்டிய முடி

கண்டி மாநகருக்கு வருவோர் தலதா மாளிகையைத் தரிசித்து, வாவியைச் சுற்றி உலாவி, பேராதனைப் பூந்தோட்டத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். நகரின் வடபுறத்தே மகாவலி கங்கை வளைந்தோடும் வட்டபுளுவைக்குச் செல்வோர் மிகச் சிலரே. சென்று காண்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நினைவுக்கல் உண்டு; ஆறு உண்டு. அவ்வளவுதான். எனினும், அண்மையில் ஒரு பிற்பகல் முழுவதையும் நான் அவ்வாற்றங்கரையிலேயே கழித்தேன். அங்கு என்னை இழுத்துச் சென்றது ஒரு பழைய நினைவு. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அக்கல்லின் கதை.

1795-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்து தேசத்தைக் கைப்பற்றின. ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலைத் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடுமோ என்று ஆங்கிலேயர் அஞ்சினர். அடுத்த ஆண்டு முடிவதற்கு முன்னரே இலங்கையின் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் இரு வல்லரசுகள் பொருதிய பொருதலின் பயனாக, மலைநாட்டுக் கண்டியரசுக்கு ஒரு புதிய அயலவன் வாய்த்தான்.

கண்டியிலோ அப்போது உட்பகை. 1798-இல் இராஜாதிராஜசிங்க மன்னன் மகப்பேறின்றி மாண்டான். மதுரையிலிருந்து பெண்கொண்ட உறவால் கண்டி அரியணையேறிய நாயக்கர் மரபில், அடுத்து முடிசூடுவோன் யார் என்ற கேள்வி எழுந்தது. முதலாம் அதிகாரான பிலிமத்தலாவை, பதினெட்டு வயதினனான கண்ணுசாமியைச் சிங்காதனத்தில் ஏற்றினான். ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்று சரித்திரம் கூறுவது இவனையே. இளையவன், தன் சொற்படி ஆடுவான் என்பது அதிகாரின் எண்ணம். இறந்த மன்னனின் மைத்துனனான முத்துசாமியும் அவ்வரியணைக்கு உரிமை கோரினான். கோரியவனுக்குக் கண்டியில் இடமேது? அவன் எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

அடைக்கலம் தருவது அறம். ஆனால், அடைக்கலம் புகுந்தவனைக் காய்ந்த விறகு போலப் பரணில் ஏற்றி வைத்து, அயலான் வீட்டைக் கொளுத்தும் நாள் வரட்டும் என்று காத்திருப்பது அறமாகுமோ? தேசாதிபதி நோர்த் அவ்வாறுதான் காத்திருந்தார். போருக்கு ஒரு முகாந்தரமும் கிடைத்தது. ஆங்கில ஆட்சிக்குட்பட்ட வணிகரின் பாக்கைக் கண்டியர் பறிமுதல் செய்தனர். நட்டஈடு பற்றிய பேச்சு முறிந்தது. பாக்கில் தொடங்கிய வழக்கு பட்டத்தில் வந்து நின்றது.

1803 பெப்ரவரியில் ஆங்கிலச் சேனைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வந்து கண்டியைச் சேர்ந்தன. நகரில் மனிதரில்லை, அரண்மனையில் தீ எரிந்துகொண்டிருந்தது. மன்னன் ஹங்குராங்கெத்தைப் பக்கம் போயிருந்தான். அந்த வெற்று நகரிலே முத்துசாமிக்கு முடி சூட்டினார்கள். அதற்கு விலையாக ஏழு கோறளையையும், கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வீதி சமைக்கும் உரிமையையும் அவன் எழுதிக் கொடுத்தான். முடி இருந்தது, வணங்குவதற்குக் குடிகள் வரவில்லை. அயலானின் துப்பாக்கி முனையில் வந்தவனைத் தங்கள் அரசன் என்று கொள்ளக் கண்டி மக்கள் ஒருப்படவில்லை.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். முடி சூட்டிய சில வாரங்களுக்குள்ளாகவே ஆங்கிலேயர் பிலிமத்தலாவையுடன் வேறொரு பேரம் பேசினர். அதிகாரே நாட்டை ஆளலாம்; முத்துசாமி யாழ்ப்பாணத்திற்குப் போய் இருந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. நேற்று அரசன், இன்று பேரத்தில் கழித்துவிட வேண்டிய சில்லறை! முத்துசாமியின் கதையில் என் நெஞ்சை மிகவும் வருத்துவது அவனது மரணம் அன்று, இந்தப் பேரமே.

மழை வந்தது, காய்ச்சல் வந்தது. பெருஞ்சேனை திரும்பிப் போயிற்று. மேஜர் டேவியின் கீழ் நோயுற்ற சிறுபடை எஞ்சியது. ஜூன் 24-ஆம் நாள் கண்டியர் தாக்கினர். டேவி சரணடைந்து, முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வட்டபுளுவையில் மகாவலி பெருக்கெடுத்துப் பாய்ந்துகொண்டிருந்தது. ஓடமில்லை. கரையில் தங்கினர். முத்துசாமியை ஒப்படைத்தால் உங்களுக்கு வழிவிடுவோம் என்று கண்டியர் கேட்டனுப்பினர். டேவி முதலில் மறுத்தார், பின்னர் ஒப்படைத்தார். முத்துசாமியும் உறவினரும் கொல்லப்பட்டனர். ஆயினும் வழி திறக்கவில்லை. படையினர் ஆயுதம் களையப்பட்டு அவ்வாற்றங்கரையிலேயே வெட்டுண்டனர். நகரில் நோய்ப் பாயில் கிடந்தவர்களும் தப்பவில்லை. டேவி சிறைப்பட்டு, மலைநாட்டிலேயே மாண்டார்.

ஆங்கிலேயரை மட்டும் குறை கூறிக் கண்டியரை வாழ்த்துவது என் நோக்கமன்று. கண்டி மன்னர்களும் இக்கலையை அறிந்தவர்களே. 1760-இல் கரையோரத்தில் ஒல்லாந்தருக்கெதிராகக் குடிகள் கிளர்ந்தபோது, கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அக்கிளர்ச்சிக்குக் கை கொடுத்தான். அதற்குப் பழிவாங்க ஒல்லாந்தர் 1765-இல் கண்டியுட் புகுந்தனர். மறு ஆண்டு உடன்படிக்கையிலே கண்டியரசு தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. அதற்கும் முன்னர், போர்த்துக்கேயரை ஓட்டுவதற்காக 1638-இல் ஒல்லாந்தரைக் கைகோத்து அழைத்தவன் இரண்டாம் இராஜசிங்கன். 1656-இல் கொழும்பு வீழ்ந்தது. வென்ற ஒல்லாந்தர் அதனை மன்னனுக்குக் கொடாமல் தாமே வைத்துக்கொண்டனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல என்று சிங்களவர் கூறும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டுமோ?

இனி, என் நினைவைச் சொல்கிறேன். 1989-ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு பிராயம். கண்டியில் சிறு கடை வைத்திருந்த என் தந்தையார், ஒரு காலை என் கையைப் பற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்தார். பாலத்தின் நடுவே அவர் பிடி இறுகியது. “ஆற்றைப் பாராதே, தம்பி, நேரே நட,” என்றார். நான் பார்த்துவிட்டேன். நீரில் மிதந்து வந்தது மரக்கட்டையன்று.

அது எப்படி நேர்ந்தது? 1983-க்குப் பின் இலங்கைத் தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு இந்திய மண்ணிலே ஆயுதப் பயிற்சி கிடைத்தது. 1987 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. இந்தியப் படை வடக்கிலும் கிழக்கிலும் வந்திறங்கியது. ஒக்டோபர் மாதத்துக்குள் அப்படை புலிகளோடு போர் புரிந்துகொண்டிருந்தது. பயிற்றிய கையும் பயின்ற கையும் ஒன்றையொன்று வெட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் இங்கே மாண்டனர். வடக்கில் மாண்ட எம்மவரையோ எண்ணி மாளாது. இந்தியப் படையை வெளியேற்றும் ஆத்திரத்தில் 1989-இல் இலங்கை அரசே புலிகளுக்கு ஆயுதம் வழங்கியது. மறு ஆண்டே அவ்வாயுதங்கள் அரசின் பக்கம் திரும்பின. தெற்கிலும் மலைநாட்டிலும், அந்நியப் படையை எதிர்ப்பதாக முழங்கி மக்கள் விடுதலை முன்னணியினர் கிளர்ந்தனர். அவர்கள் கொன்றனர், அவர்களை அடக்க வந்தோர் அதனினும் மிகுதியாகக் கொன்றனர். அந்த நாட்களின் சடலங்களில் ஒன்றைத்தான் சிறுவனாகிய நான் கண்டேன். அது சிங்களத் தாயொருத்தி பெற்ற பிள்ளையாக இருந்திருக்கலாம். ஆற்று நீரில் அதற்குப் பெயரில்லை.

அயலான் வீட்டுப் பூசலில் விறகு அடுக்குகிறவன், தன் கூரையும் ஓலைதான் என்பதை மறந்துவிடுகிறான். முடி சூட்டுகிறவனுக்கு முடி ஒரு கருவி; சூடிக்கொள்கிறவனுக்கோ அதுவே உயிர். பேரம் மாறும் நாளில், கரையில் நின்று ஆற்றைப் பார்த்திருப்பவன் முத்துசாமியே. வல்லரசுக்குத் திரும்பிப் போக ஒரு கடல் உண்டு. அவனுக்கு ஓடமும் இல்லை.

நான் சென்ற அன்று ஆற்றில் வெள்ளமில்லை. அக்கரையில் இரு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தனர். ஒரு சிறுவன் பாறையிலிருந்து நீரில் குதித்துக் குதித்துக் கரையேறினான். அவன் தாய் சிங்களத்தில் ஏதோ அதட்டினாள், அவன் சிரித்தான். தந்தையார் இன்று உயிரோடில்லை. அவர் சொல்லை மீறி, வெயில் தாழும்வரை நான் அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.