மிளகாய்ச் செய்கை: நட்டபின் முதல் ஆறு வாரங்கள்

இலங்கையின் உலர் வலயத்தில் மேட்டுநிலக் கமக்காரருக்குப் பணம் ஈட்டித்தரும் பயிர்களுள் மிளகாயும் ஒன்றாகும். எனினும் நாட்டுக்குத் தேவையான செத்தல் மிளகாயின் பெரும்பகுதி இன்றும் இந்தியாவிலிருந்தே இறக்குமதி செய்யப்படுகின்றது. நன்றாக விளைவிக்கும் கமக்காரருக்கு இதில் இடமுண்டு. ஆயினும், காய்க்குங் காலத்தில் வெளிப்படும் குறைகள் பல, நட்ட ஆறு வாரங்களுள் ஏற்பட்டவையேயாகும். ஆதலின் இக்காலத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவற்றை இப்பிரசுரம் விளக்குகின்றது.

செடி வளரும் முறை

மிளகாய்க் கன்று முதலில் ஒரே தண்டாக நேரே வளரும். ஏறக்குறையப் பத்து இலைகள் தோன்றியபின் தண்டின் நுனி ஒரு பூவாக முடிவுறும். அவ்விடத்திற் செடி இரண்டு கவர்களாகப் பிரியும். ஒவ்வொரு கவரும் சிறிது வளர்ந்து, மீண்டும் ஒரு பூவில் முடிந்து, மீண்டும் பிரியும். இவ்வாறு இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். பூக்கள் இக்கவர்களிலேயே தோன்றுவதால், கவர்கள் பெருகினாற் காய்களும் பெருகும். தொடக்கத்தில் ஒரு குருத்துக் கெட்டால், அதன்வழி வரவேண்டிய கவர்களும் காய்களும் குறைந்துவிடும். பின்னர் எவ்வளவு பசளை இட்டாலும் இழந்ததை முழுவதும் ஈடுசெய்தல் இயலாது.

நடுகை

நாற்றுமேடையில் நான்கு அல்லது ஐந்து வாரம் வளர்ந்த, தண்டு தடித்த நாற்றுக்களையே தெரிந்தெடுங்கள். பிடுங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே நீரைப் படிப்படியாகக் குறைத்தால் நாற்று உரம்பெறும். பிடுங்கும் நாளில் மேடையை நன்றாக நனைத்தால் வேர் அறாது. வெயில் தணிந்த மாலை வேளையில், 60 சதமமீற்றருக்கு 45 சதமமீற்றர் இடைவெளியில், குழிக்கு இரண்டு கன்றுகளாக நடுங்கள். முதற் சில நாட்களுக்கு ஓலைத் துண்டினாலோ குழையினாலோ நிழல் கொடுத்தல் நன்று. பட்டுப்போன கன்றுகளின் இடத்தை ஒரு வாரத்துள் நிரப்புங்கள். பிந்தி நட்ட கன்று மற்றவற்றின் நிழலில் அகப்பட்டு வளர்ச்சி குன்றும்.

நீர் பாய்ச்சல்

கன்று வேரூன்றும் வரை நாள்தோறும் சிறிதளவு நீர் வேண்டும். அதன்பின், மண்ணின் தன்மையறிந்து நீர் பாய்ச்சுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நீரை விரைவில் வடியவிடும். வன்னியின் களிப்பாங்கான மண்ணோ நீரை நெடுநேரம் தேக்கிவைக்கும். நண்பகலில் இலை வாடியதைக் கண்டவுடன் இறைக்க முற்படாதீர்கள். வெயிலின் கடுமையால் வாடிய செடி மாலையில் தானே நிமிரும். விரலளவு ஆழத்தில் மண்ணை எடுத்துக் கையிற் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் நீர் போதும், உதிர்ந்துவிட்டால் இறையுங்கள். நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சுவிட முடியாது அழுகும். ஆதலின் மழைநீர் வடிவதற்கு வாய்க்கால் அமைத்தல் இன்றியமையாதது.

களையும் பசளையும்

நட்டு இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் களை பிடுங்குங்கள். மிளகாயின் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவியிருத்தலால் மண்வெட்டியை ஆழமாகப் போடலாகாது. இரண்டாம் முறை களையெடுக்கும்போது அடியில் மண் அணைத்துவிடுங்கள்.

நிலம் பண்படுத்தும்போது மாட்டெருவோ கூட்டெருவோ இட்டிருந்தால் கன்று விரைவில் தழைக்கும். முன்னதாகச் சணல் விதைத்து, பூக்குந் தறுவாயில் உழுது புதைத்த நிலம் மேலும் சிறந்தது. யூரியாவை ஒரேமுறையில் இடாது, சிறு அளவுகளாகப் பிரித்து, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இட்டு, மண்ணால் மூடி, அளவாக நீர் பாய்ச்சுங்கள். இடவேண்டிய அளவை மண் பரிசோதனையைக் கொண்டு தீர்மானித்தல் வேண்டும்.

கரும்பச்சையாகத் தழைத்த தோட்டம் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். ஆனால் நைதரசன் மிகுந்தால் இலை மென்மையாகிச் சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு நல்லுணவாகும், பூப்பதும் பிந்தும். அன்றியும், குடாநாட்டிற் செம்மண்ணின் கீழிருப்பது சுண்ணக்கற் பாறை. செடி உண்ணாத நைதரசன் நைத்திரேற்றாக அப்பாறையின் வெடிப்புக்களினூடாகக் கிணற்றைச் சேரும். ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது அவ்வளவை மீறியிருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. அந்நீரினாற் கரைத்த பால்மாவைப் பருகும் கைக்குழந்தைக்கே தீங்கு அதிகம். தேவைக்கு மேல் இடும் பசளை, பணத்துக்கு நட்டமாவதோடு வீட்டுக் கிணற்றுக்கும் கேடாகும்.

இலைச் சுருளல்

இப்பருவத்தில் கமக்காரரை அதிகம் கலங்கச் செய்வது இலைச் சுருளலாகும். எல்லாச் சுருளலும் ஒன்றல்ல. காரணத்தை அறியாது மருந்து தெளித்தாற் கேடு பெருகும். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி, தோணிபோற் சுருண்டால் பனிப்பூச்சி எனக் கருதலாம். குருத்தை ஒரு வெள்ளைத் தாளின்மீது தட்டினால் வைக்கோல் நிறமான நுண்ணிய பூச்சிகள் ஊர்வதைக் காண்பீர்கள்.

2. இலை கீழ்நோக்கிச் சுருண்டு, ஒடுங்கி, காம்பு நீண்டிருந்தால் சிற்றுண்ணி எனக் கருதலாம். இதனை வெறுங்கண்ணாற் காண்டல் அரிது. சிற்றுண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. ஆதலின் பூச்சிநாசினிகள் பலவற்றால் அது சாவதில்லை. அதனைத் தின்னும் நன்மை செய்யும் உயிர்களே மடிகின்றன. நனையுங் கந்தகம் இதற்கு உதவும். ஆயினும் கடும்வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

3. இலைகள் சிறுத்து, வெளிறி, நரம்பு தடித்து, கொத்தாக நெருங்கியிருந்தால் வைரசு நோய் எனக் கருதலாம். இதனைப் பரப்புவது வெண் ஈ. நோயுற்ற செடிக்கு மருந்தில்லை. தயங்காது பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். ஒரு செடியின்மீது கொள்ளும் இரக்கம் தோட்டம் முழுவதையும் அழிக்கக்கூடும்.

வாரத்தில் இருமுறை, காலை வேளையில், தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நடந்து, இருபது செடிகளின் இளங்குருத்துக்களையும் இலைகளின் அடிப்புறத்தையும் பாருங்கள். இதற்கு அரைமணி நேரம் போதும். அயற்றோட்டத்தார் தெளிக்கிறார் என்பதற்காக நீங்களும் தெளிக்க வேண்டியதில்லை. சுருண்ட குருத்து ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள். தெளிக்க நேர்ந்தால் முகமும் கையும் மறைத்து, காற்று வீசுந் திசையிலேயே தெளியுங்கள். ஒரே மருந்தைத் தொடர்ந்து பாவியாதீர்கள்.

ஆறாம் வாரத்தில் முதற்பூக்கள் தோன்றும்போது குனிந்து கவர்களைப் பாருங்கள். குருத்துக்கள் விரிந்து, கவர்மேற் கவராகப் பிரிந்திருந்தால் உங்கள் உழைப்பு வீண்போகவில்லை. இனிக் காய்களைக் காப்பதே உங்கள் பணியாகும்.